உங்க பொண்ணு எங்க சார் படிக்குது?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் வாத்தியார்களுக்கும் லீவு என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் கொக்கு சாரோடு தெருவில் நடந்து பார்க்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். பக்கத்தில் குடையும் கையுமாகப் பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை. வீடு வீடாகப் படியேறி, 'உங்க பிள்ளையை எங்க ஸ்கூல்ல சேருங்க' என்று கேட்க வேண்டும். அரசாங்கப் பள்ளிக்கூடம். கட்டணம் கிடையாது, புத்தகம் சும்மா, சீருடை சும்மா. சும்மா தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற வியாபாரம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா, தெரியவில்லை. ஒண்ணாம் வகுப்பில் ஆள் சேராவிட்டால் இந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

கொக்கு சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். காலும் நீளம், கழுத்தும் நீளம். பாடம் நடத்தும்போது ஒரு காலை மடக்கிப் பின்சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்பார். அப்புறம் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய? தெருவில் பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள், அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் இருந்த கோளாறே.

எந்த வீட்டிலும் முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்வதில்லை. உட்காரச் சொல்வார்கள், ஃபேனைப் போடுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். நோட்டீஸை வாங்கி நாலாக மடித்து விசிறிக்கொள்வார்கள். அதன் பிறகு தவறாமல் அந்தக் கேள்வி வரும்.

"ஆமா, உங்க பிள்ளைங்க எங்க படிக்குது?"

அதோடு தீர்ந்தது. பெரிய டீச்சரின் பிள்ளைகள் இருவரும் பணம் கட்டிப் படிக்கிற பெரிய ஸ்கூலில் படித்து முடித்தவர்கள். 'அதெல்லாம் அவங்க அப்பா எடுத்த முடிவு' என்று பழியைத் தூக்கிப் புருஷன் தலையில் போட்டுவிட்டுக் குடையை விரிப்பார். மூன்றாம் வகுப்பு டீச்சர், 'வேன் வாசலுக்கே வருது, அதான்' என்று சப்பைக்கட்டு கட்டுவார். கொக்கு சாருக்கு மட்டும் இத்தனை வருஷமாக அந்தத் தொல்லை இல்லை. 'என் பாப்பா இன்னும் சின்னது' என்பார். அது உண்மை. இந்த வருஷம் அந்த உண்மை காலாவதியாகிவிட்டது. பாப்பா மழலையர் வகுப்பை முடித்துவிட்டாள். எங்கேயாவது ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தாக வேண்டும்.

இந்தத் தடவை கேட்டது பஞ்சர் கடைக்காரர். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்தபடியே கேட்டார்.

"சார், சுத்தி வளைக்காமக் கேக்குறேன். உங்க பாப்பாவ எங்க போடப் போறீங்க?"

பெரிய டீச்சரின் கை குடைக்குப் போனது.

"இல்ல, எதுக்குக் கேக்குறேன்னா, எனக்கும் ரெட்டைப் பொண்ணுங்க, உங்க பாப்பா வயசுதான். ரெண்டையும் பெரிய ஸ்கூல்ல போட்டா நான் இந்தக் கடையவே விக்கணும். உங்க ஸ்கூல்ல போட பயமா இருக்கு. நீங்க உங்க பாப்பாவ அங்க சேருங்க. மறுநாளே நான் ரெண்டையும் கொண்டாந்து விட்டுடறேன். நான் சொன்னா இந்தத் தெருவே வரும்."

பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவியிருக்கலாம். பிடி கொடுக்காமல் பேசுவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. கொக்கு சார் என்ன சொன்னார் தெரியுமா?

"அங்கதாங்க சேர்க்கப் போறேன்."

பாதி விரித்த குடையோடு பெரிய டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

பஞ்சர் கடைக்காரர் டியூபைப் போட்டுவிட்டு எழுந்து, ஈரக் கையோடு இவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாயந்தரத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. கொக்கு சார் கொள்கைக்காரர், மத்தவங்க மாதிரி ஊருக்கு ஒண்ணு வீட்டுக்கு ஒண்ணு பேசுற ஆள் இல்லை என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். கொள்கையாவது ஒன்றாவது. அவர் வாயில் அந்த வார்த்தை ஏன் வந்தது என்பது அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்குள் போக வேண்டும்.

ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஓர் அறையில் கட்டில், இன்னோர் அறையில் அடுப்பும் மேஜையும். கட்டிலில் சுவர் ஓரமாகப் பாப்பா படுப்பாள், நடுவில் கொக்கு சார். வெளி ஓரம் காலி. அது அவர் மனைவியின் இடம். காலை ஷிப்டுக்கு யாரையும் எழுப்பாமல் எழுந்து போவதற்காக அவள் அந்த ஓரத்தில் படுப்பாள். மூன்று வருஷமாக அந்த ஓரத்தில் யாரும் இல்லை, இவரும் நகர்ந்து படுக்கவில்லை.

அவள் நர்ஸ். பாப்பா நடக்கப் பழகி, ஓடப் பழகி, பேச ஆரம்பித்த சமயத்தில் வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இவருடையது இன்னும் நிரந்தரம் ஆகாத வேலை.

"பாப்பா நல்ல ஸ்கூல்ல படிக்கணும். உங்க சம்பளத்துல அது நடக்காது. நான் போறேன்" என்றாள்.

"சரி" என்றார்.

அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பெட்டி கட்டுகிற வரைக்கும், வண்டி ஏறுகிற வரைக்கும் பேசவில்லை. போய் நிம்மதியாக வேலை பார்க்கட்டும், நாம் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றால் அவளுக்குக் கஷ்டம் என்று நினைத்தார். இப்படித் தங்களுக்குள்ளே பெருந்தன்மையாக இருந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரை ஏங்க விடுகிற ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தினமும் காலையில் அவளிடமிருந்து போன் வரும். இங்கே பாப்பாவுக்குத் தலை பின்னுகிற நேரம், அங்கே அவளுக்கு ஷிப்ட் முடிகிற நேரம். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு இவர் சீப்பை எடுப்பார். அவள் அங்கிருந்து மேற்பார்வை பார்ப்பாள்.

"வகிடு கோணலா இருக்குங்க. இடது பக்கம் தள்ளுங்க. ஐயோ, அது வலது."

பின்னி முடிப்பதற்குள் நேரமாகிவிடும். 'சரி, அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடுவாள். அப்புறம் என்பது மறுநாள் காலை, மறுபடியும் வகிடு.

பகல் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திக் கத்திப் பேசிய தொண்டை வீட்டுக்கு வந்தாலும் இறங்குவதில்லை. 'பாப்பா, சாப்பாட்டை எல்லாரும் நல்லா மென்னு சாப்பிடணும்' என்பார். 'எல்லாரும்னா யாருப்பா, நான் மட்டும்தானே இருக்கேன்' என்பாள் பாப்பா. பெரியவர்களிடம் பேசுகிற குரலில் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. முடி வளராமலே சலூனுக்குப் போவார். கத்தரிக்கு வேலை இல்லையே சார் என்பான் சலூன்காரன். பரவாயில்லை, சும்மா சரி பண்ணு என்று உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் யாராவது ஏதாவது பேசுவார்கள்.

ஒரு தடவை காய்ச்சல் கண்டு படுத்தார். போனில் பார்த்தவள் பதறிப்போனாள்.

"நாக்க நீட்டுங்க. இன்னும் நல்லா. போன வெளிச்சத்துல பிடிங்க."

நீட்டினார். மாத்திரை பேர் சொன்னாள். கீழே மருந்துக் கடையில் வாங்கிப் போட்டார், சரியாயிற்று. நெற்றியில் அவள் கை பட்டால் போதும், மாத்திரையே வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்லத் தோன்றியது. அவள் கேட்டபோது, 'இப்பப் பரவாயில்ல' என்றார்.

இப்படி இருந்தவர் மனசுக்குள் ஒரு கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாப்பா பெரிய ஸ்கூலில் படிக்கிறவரைக்கும் அவள் அங்கே இருந்தாக வேண்டும். பெரிய ஸ்கூலில் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இருக்கிறது. அதே பாப்பா தன்னோடு, தன் ஸ்கூலில் படித்தால்? யாரும் எங்கேயும் போய் இருக்க வேண்டாம். அவள் வந்துவிடலாம். பஞ்சர் கடை வாசலில் அவர் வாயில் வந்தது இந்தக் கணக்குதான். தெரு அதற்குக் கொள்கை என்று பேர் வைத்தது.

ஆனால் மனைவி அங்கிருந்தே எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டாள். பெரிய ஸ்கூலில் நேர்காணலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே போனார், ஒன்றும் அகப்படவில்லை. வகுப்பறையில் காற்றும் வெளிச்சமும் இருந்தன. கழிப்பறையை எட்டிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பாப்பாவிடம் ஒரு டீச்சர் தரையில் மண்டியிட்டு, முகத்துக்கு நேராகப் பேசினாள். தன் ஸ்கூலில் யாரும் அப்படிப் பேசிப் பார்த்ததில்லை, தான் உட்பட. பாப்பா கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டு, 'நாளைக்கும் வரலாமா?' என்று கேட்டாள்.

அப்பா அம்மா இருவரும் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் அவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சீருடையில் அவர் மனைவி தெரிந்ததும் பிரின்சிபால் பக்கம் திருப்பினார். அவளும் பிரின்சிபாலும் பேசினார்கள். என்னமாய்ப் பேசினாள்! அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்லிக்கொண்டு போக, கலகலவென்று சிரித்தாள், மறுபடி கணீரென்று பேச்சைத் தொடர்ந்தாள். பிரின்சிபால் இவர் பக்கம் ஒரு தடவைதான் திரும்பினார். "கொஞ்சம் மேல பிடிக்கிறீங்களா?" கொக்கு சார் மேலே பிடித்தார். கை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அவ்வளவு நேரமும் தன் மனைவியை அவர் பின்பக்கமிருந்துதான் பார்த்தார், அதாவது போனின் முதுகை.

வெளியே வந்து நின்றார். இந்த ஸ்கூலில் பாப்பா படித்தால் நன்றாகத்தான் வருவாள். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே செய்தார். இடத்தை உறுதி செய்ய ஒரு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள், அந்த நாளை வாயைத் திறக்காமல் கடத்தினார். அடுத்த திங்கட்கிழமை பாப்பாவைத் தன் ஸ்கூலுக்குக் கூட்டிப்போனார்.

"அந்த ஸ்கூலுக்குன்னு சொன்னீங்க" என்றாள் பாப்பா வழியில்.

"இங்க சேர்ந்தா அம்மா வந்துருவாங்க."

"நெஜமா?"

"நெஜமா."

பாப்பா யோசித்தாள். அப்புறம், "சரி, இங்கயே சேர்றேன்" என்றாள்.

மறுநாள் பஞ்சர் கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் இரட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவர் பின்னாலேயே தையற்கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர், லாரி ஓட்டுகிறவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வகுப்பு நிறைந்துவிட்டது. ஒண்ணாம் வகுப்பு கொக்கு சாருக்குத்தான். பெரிய டீச்சர் அலுவலக அறையில் எல்லார் முன்னாலும், 'இவர் ஒருத்தர் காப்பாத்தினார்' என்று கண் கலங்கினார். கொக்கு சாருக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. 'சேர்த்தாச்சா?' என்று கேட்டாள். 'ஆச்சு' என்றார். பொய் இல்லைதானே, சேர்த்துத்தான் இருந்தார். காலையில் போன் வரும்போது பாப்பாவின் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி குடத்தைக் கிட்டத்தில் நகர்த்தி வைத்தார், சீருடை தெரியாமல் இருக்க. நல்ல நாள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். எத்தனை நாளைக்கு?

ஒரு காலையில் பின்னிக்கொண்டிருக்கும்போது பாப்பா சொன்னாள்: "அம்மா, ரெட்டைங்க ரெண்டும் எங்கிட்டதான் உக்காருதுங்க. ஒண்ணு நல்லது, ஒண்ணு கிள்ளும்."

"எந்த ரெட்டை?"

"பஞ்சர் கடை மாமா பொண்ணுங்க."

குட்டு உடைந்தது. கொக்கு சாரின் கையில் பின்னல் பாதியில் நின்றது.

"பாப்பாவ ஷூ மாட்டச் சொல்லுங்க" என்றாள். பாப்பா படிக்கட்டுக்குப் போனாள். "எப்ப இருந்து?"

"ஸ்கூல் திறந்ததுல இருந்து."

"ஏன்?"

"ஸ்கூல மூடிருவாங்கன்னாங்க. நாமளே நம்ம பிள்ளையச் சேர்க்கலன்னா ஊர்ல எப்படி…"

"தெருவுல பேசுற பேச்செல்லாம் எங்கிட்டப் பேசாதீங்க. ஏன்?"

போனைக் குடத்திலிருந்து கையில் எடுத்தார். பிறகு சொன்னார்.

"நீ வந்துருவேன்னு நெனச்சேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. பின்னால் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவள் ஒதுங்கி நின்றாள்.

"என்னைக் கூப்பிடறதுக்கு உங்களுக்கு ஒரு ஸ்கூல் வேணுமா?"

"அப்படி இல்ல…"

"முதல் வருஷம் ஒவ்வொரு போன்லயும் எதிர்பார்த்தேங்க. 'போதும், வா'ன்னு ஒரு வார்த்தை. போட்டதைப் போட்டபடி போட்டுட்டு ஓடி வந்திருப்பேன். நீங்க வகிடு சரியா இருக்கான்னு கேட்டீங்க. அடுத்த வருஷமும் எதிர்பார்த்தேன். காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட நாக்க நீட்டினீங்களே தவிர வாயத் திறக்கல."

"இப்பக் கேக்குறேன். வா."

"இப்ப நான் எதிர்பார்க்கறத விட்டுட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். "எனக்கு இங்க பழகிப்போச்சு. வார்டு முழுக்க என்னைக் கேட்டுத்தான் நடக்குது. சாயந்தரம் கூட இருக்கறவங்களோட நடக்கப் போறேன், சிரிக்கிறேன். அங்க வந்தா நான் யார்கூட சிரிக்கிறது? போன மாசமே வேலை ஒப்பந்தத்துல மறுபடியும் கையெழுத்துப் போட்டுட்டேன். பெரிய ஸ்கூலுக்காகத்தான்னு உங்ககிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்ப அந்தச் சாக்கும் இல்லாமப் பண்ணிட்டீங்க."

"பாப்பா?"

"லீவுக்கு வருவேன். வராம இருப்பேனா?" குரல் உடைந்தது. "அவளுக்குச் சீருடை நல்லா இருக்கா? ஒரு நாள் முழுசாக் காட்டுங்க."

போனை வைத்துவிட்டாள். கொக்கு சார் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றார். மூன்று வருஷமாக அவள் அங்கேயும் இவர் இங்கேயும், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் ஒரே வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவள் காத்திருப்பதை நிறுத்திய பிறகு இவர் சொல்லியிருக்கிறார். அழுகை வந்தது. படிக்கட்டில் பாப்பா உட்கார்ந்திருப்பதை நினைத்து அடக்கிக்கொண்டார்.

பாதிப் பின்னலோடேயே இருவரும் இறங்கித் தெருவில் நடந்தார்கள்.

"அம்மா எப்ப வர்றாங்களாம்?"

மழுப்பியிருக்கலாம். அவருக்கு மழுப்பி அலுத்துவிட்டது.

"வரலையாம் பாப்பா. லீவுக்குத்தான் வருவாங்களாம்."

பாப்பா நின்றாள். "இங்க சேர்ந்தா வருவாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப நான் அந்த ஸ்கூலுக்கே போறேன்ப்பா."

பஞ்சர் கடை வாசலில் இரட்டைகள் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றன. அவர்களின் அப்பா எழுந்து, "சார், இதுங்களையும் உங்க கூடவே கூட்டிட்டுப் போயிருங்க. நீங்க இருக்கீங்கன்னு எனக்குக் கவலையே இல்ல" என்றார். கொக்கு சார் தலையை ஆட்டினார். எதிர்ப்பக்கம் தையற்கடைக்காரரும் தன் மகளைக் கடைப் படியிலிருந்து இறக்கிவிட்டு இவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"போக முடியாதும்மா" என்றார் மெதுவாக.

"ஏன்?"

ஏன் என்று அவருக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேர் அவர் பாப்பாவை நம்பித் தங்கள் பிள்ளைகளை விட்டிருக்கிறார்கள். அதை ஆறு வயதுப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? பாப்பா அவர் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"நீங்க பொய் சொன்னீங்க."

"ஆமாம்மா" என்றார் கொக்கு சார்.

அவள் முன்னால் போய்விட்டாள். இரட்டைகள் இரண்டும் அவர் கைக்கு ஒன்றாக வந்து பிடித்துக்கொண்டன.